பக்திப் பாட்டில் கேலிக்கு இடமுண்டா?

('பக்திப் பாட்டில் கேலி தகுமா, தகாதா?' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி மன்றத்தில், 'தகும்' அணியில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய அம்மையார் இரண்டு குற்றச்சாட்டுகளை வைத்தார். ஆலயத்தில் பாடும் பாட்டில் கிண்டல் கலந்தால் பக்தி கெட்டுவிடும் என்பது முதலாவது. இது ராக் இசையோடு சேர்ந்து மேற்கிலிருந்து வந்து இறங்கிய பழக்கம், நம் மண்ணுக்கு ஒட்டாது என்பது இரண்டாவது. இரண்டுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன். கிறிஸ்தவப் பாடல்களை வைத்தே பேசுகிறேன். ஒழுகுவது எந்தக் கூரை என்று பார்க்கப் புறப்பட்டால், முதலில் சொந்த வீட்டுக் கூரையைத்தானே பார்க்க வேண்டும்?

இளையர்கள் ஸ்டீவ் டெய்லரின் பெயரைச் சொன்னார்கள். அவர் யார் என்று பெரியவர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

போதகர் மகன் பாடிய கிண்டல்

ஸ்டீவ் டெய்லர் 1957ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தவர். அப்பா பாப்டிஸ்ட் சபைப் போதகர். மகனும் சிறிது காலம் இளையர் ஊழியம் செய்தார். 1970களின் இறுதியில் பங்க் இசையின் ஆவேசம் கொஞ்சம் தணிந்து, சிந்தசைசர் ஒலியும் துள்ளல் தாளமும் குத்தலான வரிகளும் கலந்த ஓர் இசை கிளம்பியது. அதற்கு நியூ வேவ், அதாவது புது அலை, என்று பெயர். அந்த இசையை எடுத்துக்கொண்டு தேவாலயத்துக்குள் நுழைந்தார் டெய்லர்.

1983ல் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தது. தலைப்புப் பாட்டு 'ஐ வான்ட் டு பி எ குளோன்'. 'நானும் ஒரு நகலாக வேண்டும்' என்று பொருள். சபையில் புதிதாகச் சேரும் ஒருவனை எல்லாரும் சேர்ந்து ஒரே அச்சில் வார்த்தெடுக்கிறார்கள். அவனும் அதற்கு ஆனந்தமாக இசைந்துபோகிறான். நம்பிக்கையை டெய்லர் கேலி செய்யவில்லை. நம்பிக்கை என்ற பெயரில் ஆள்களை நகலெடுக்கும் பழக்கத்தைத்தான் கேலி செய்தார்.

அடுத்த ஆண்டு, 1984ல், 'மெல்ட்டவுன்' என்ற இசைத்தட்டு. அதில் ஒரு பாட்டு பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தைக் குறிவைத்தது. தென் கரோலினா மாநிலத்தில் உள்ள அந்தக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம், வெவ்வேறு இனத்து மாணவர்கள் காதலிக்கக் கூடாது என்று விதி போட்டிருந்தது. அதைக் காரணம் காட்டி அரசாங்கம் வரிச் சலுகையை நிறுத்தியது சரிதான் என்று 1983ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. வரிச் சலுகை போன பிறகும் விதி போகவில்லை. 2000ஆம் ஆண்டில்தான் அதைக் கைவிட்டார்கள். ஆக, விதி போவதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே, கிறிஸ்தவ இசைத்தட்டு ஒன்றிலேயே அதைக் கேலி செய்து பாடிவிட்டார் ஒரு போதகரின் மகன்.

இதற்கு விலை கொடுக்காமல் தப்பினாரா? இல்லை. 1987ல் வந்த 'ஐ பிரடிக்ட் 1990' இசைத்தட்டில், கருக்கலைப்பு மருந்தகத்துக்குக் குண்டு வைத்த ஒருவன் தானே பேசுவதுபோல ஒரு பாட்டு இருந்தது. அவன் ஓர் ஐஸ்கிரீம்காரன். குழந்தைகள் பிறக்காவிட்டால் தன் வியாபாரம் என்னாவது என்பது அவன் கவலை. உயிரைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு வன்முறையில் இறங்குவோரை எள்ளும் பாட்டு அது. ஆனால் பலர் அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டார்கள். குண்டுவெடிப்பை ஆதரிக்கிறார் என்று புகார் கிளம்பியது. சில கடைகள் இசைத்தட்டை விற்க மறுத்தன. டெய்லர் சில ஆண்டுகள் கிறிஸ்தவ இசைச் சந்தையை விட்டே விலகி, 'ஷகால் குவேரா' என்ற ராக் குழுவில் பாடினார். பிறகு 1993ல் திரும்பி வந்தார். நியூஸ்பாய்ஸ் குழுவின் பாடல்களைத் தயாரித்தார். உலகெங்கும் ஒலித்த 'கிஸ் மீ' பாட்டைத் தந்த சிக்ஸ்பென்ஸ் நன் த ரிச்சர் குழு, அவர் தொடங்கிய நிறுவனத்தில் இருந்த குழுதான்.

அவர் விலகிப்போன கதையைவிடத் திரும்பி வந்த கதைதான் நமக்கு முக்கியம். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இது இறக்குமதிச் சரக்கா?

அந்த ஐஸ்கிரீம்காரன் பாட்டுக்கு என்ன கோளாறு நேர்ந்தது என்று பாருங்கள். பாடுகிறவன் சொல்வதற்கு நேரெதிர்தான் பாட்டின் கருத்து. இதற்கு நம் இலக்கணத்தில் பெயர் உண்டு: வஞ்சப் புகழ்ச்சி. புகழ்வதுபோல இகழ்வது, இகழ்வதுபோலப் புகழ்வது.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி, மாலை சூட்டி, காவலோடு அழகாக இருக்கின்றன என்று புகழ்ந்தார். எங்கள் மன்னனுடையவோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். போரே பார்க்காத ஆயுதம் யாருடையது என்பது கேட்டவனுக்குப் புரிந்திருக்கும்.

பக்திப் பாட்டிலும் இது உண்டு. கடவுளையே வம்புக்கு இழுத்துப் பாடுவதை நிந்தாஸ்துதி என்கிறோம். காளமேகப் புலவர் இதில் கைதேர்ந்தவர். சங்கீத மும்மூர்த்திகளுக்கு முன்பே வாழ்ந்த பாபவிநாச முதலியார் கீர்த்தனையிலும் இதைக் கொண்டுவந்தார். அவற்றைப் பாடி யாருடைய பக்தியும் கெட்டதாகத் தெரியவில்லை. ஒருவரை உரிமையோடு கிண்டல் செய்ய அவர் நமக்கு நெருக்கமானவராக இருக்க வேண்டும். அந்த நெருக்கம்தான் நிந்தாஸ்துதியின் உயிர்.

சரி, அது கடவுளைச் செல்லமாகச் சீண்டுவது. டெய்லர் செய்தது வேறு. அவர் பக்தர்களைச் சீண்டினார். அந்த வகை நம்மிடம் உண்டா? உண்டு. வெறும் சடங்கில் நின்றுவிடும் பக்தியைச் சிவவாக்கியர் விளாசியதுபோல வேறு யார் விளாசினார்கள்? தமிழ்க் கிறிஸ்தவர்களிடமும் அந்த மரபு உண்டு. இருநூறு ஆண்டு பழைய மரபு அது. அதன் தொடக்கத்தில் நிற்பவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்.

சாஸ்திரியாரின் கும்மியும் ஆலயத்து இருக்கையும்

சாஸ்திரியார் 1774ல் நெல்லைச் சீமையில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே ஜெர்மானியப் போதகர் சுவார்ட்ஸ் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். பின்னாளில் அரசரான சரபோஜியும் சுவார்ட்ஸின் கவனிப்பில் இருந்தவர்தான். குறவஞ்சி, நொண்டி நாடகம், கும்மி என்று தெருவில் வழங்கிய வடிவங்களையெல்லாம் எடுத்து வேதத்தைப் பாடினார் சாஸ்திரியார். அவருடைய பெத்லகேம் குறவஞ்சி புகழ்பெற்றது. டெய்லர் தன் காலத்துத் துள்ளிசையை எடுத்துக்கொண்டார் என்றால், சாஸ்திரியார் தன் காலத்துத் துள்ளிசையை எடுத்துக்கொண்டார்.

அவருடைய 'சாஸ்திரக் கும்மி' அசல் கேலிப் பாட்டு. ஞானஸ்நானம் பெற்ற பிறகும் நாள் பார்த்து, சகுனம் பார்த்து, சோதிடம் பார்த்துத் திரிந்த மக்களைக் கைதட்டிக் கும்மியடித்துக் கிண்டல் செய்தார். ஆனால் பிற சமய வழக்கங்களையும் அந்தப் பாட்டு தாக்குகிறது. இன்றைய சிங்கப்பூரில் அப்படிப் பாட முடியாது. பாடவும் கூடாது.

அதைவிட முக்கியமான இன்னொரு செய்தி உண்டு. அன்றைய தஞ்சைச் சபையில் வேளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கமும், பறையர் சமூகத்துக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கமும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். 1820களில் வந்த இளம் மிஷனரிகள் இதை மாற்ற முயன்றார்கள். அப்போது சாஸ்திரியார் எந்தப் பக்கம் நின்றார்? தனி இருக்கை தொடர வேண்டும் என்று வாதாடி எழுதினார். தமிழ்ப் பாட்டையும் தமிழ்ப் பழக்கவழக்கங்களையும் மிஷனரிகள் ஒழிக்கப் பார்க்கிறார்கள் என்ற அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயத்தோடு சாதியையும் ஒரே மூட்டையில் கட்டிக்கொண்டார். சபைக்குள் சாதி கூடாது என்று பிஷப் டேனியல் வில்சன் 1833ல் சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள்.

இவ்வளவு பெரிய கவிராயரைக் குறை சொல்லவா இதைச் சொன்னேன்? இல்லை, நடுவர் அவர்களே. கேலிப் பாட்டை உரசிப் பார்க்கும் உரைகல் இங்கேதான் கிடைக்கிறது. சகுனம் பார்ப்பவர்களைக் கிண்டல் செய்த நாக்கு, தான் உட்கார்ந்திருந்த இருக்கையைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் மட்டும் திரும்பவில்லை. மற்றவரைக் கேலி செய்வது எளிது. சொந்த இருக்கையைச் சேர்த்துக் கேலி செய்வதுதான் கடினம்.

முன்சீப் பாடிய கீர்த்தனை

அந்தக் கடினமான வேலையைச் செய்தவர் இன்னொரு வேதநாயகம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, திருச்சிக்கு அருகில் குளத்தூரில் 1826ல் பிறந்த கத்தோலிக்கர். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879ல் வெளியிட்டவர் என்று பள்ளியில் படித்திருப்போம். அதற்கு ஓராண்டு முன்பே, 1878ல், 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' என்ற பாட்டு நூலை வெளியிட்டார். எந்தச் சமயத்தவரும் பாடக்கூடிய பாட்டுகள் அவை. இன்றும் கர்நாடக சங்கீத மேடைகளில் அவற்றைக் கேட்கலாம்.

இறைவனைத் துதிக்கும் பாட்டுகளோடு, அதிகாரிகளுக்குப் புத்தி சொல்லும் பாட்டுகளும், குடும்பச் சண்டையை வேடிக்கையாகச் சொல்லும் பாட்டுகளும் அதே நூலில் இருக்கின்றன. கைக்கூலி வாங்குவோரை அவர் 'நீதிநூ'லிலும் விட்டுவைக்கவில்லை. தமிழ் நீதிபதிக்கு முன்னால், தமிழ்க் கட்சிக்காரனுக்காக, ஆங்கிலத்தில் வாதாடும் தமிழ் வக்கீல்களை நாவலில் வெளுத்து வாங்கினார்.

இதை எழுதியவர் யார்? தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் நீதிமன்றங்களில் முன்சீப்பாக உட்கார்ந்திருந்தவர். அதிகாரிகளைக் கேலி செய்த அவரே ஓர் அதிகாரி. தன் நாற்காலி எப்படிப்பட்டது, அதில் உட்கார்ந்தால் என்னென்ன ஆசைகள் வரும் என்று தெரிந்தவர். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வாட்டியபோது தன் சொத்தைக் கொண்டு பசித்தவர்களுக்கு உதவினார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அதைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனையே பாடினார். இப்படிப்பட்டவர் கேலி செய்தால் கேட்பவனுக்குக் கோபம் வராது, வெட்கம்தான் வரும்.

மூன்றாவதாக ஒருவரையும் சொல்ல வேண்டும். மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு. 'பரட்டை' என்ற பெயரில் பாட்டெழுதியவர். 2005ல் மறைந்தார். கீர்த்தனையும் மேல்நாட்டுப் பாமாலையும்தான் ஆலயத்துக்கு ஏற்ற உயர்ந்த இசை என்று நினைத்தவர்களிடையே, கிராமத்து மெட்டையும் பேச்சுத் தமிழையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் சமைத்து எல்லாரும் சேர்ந்து உண்பதுதான் நற்கருணையின் பொருள் என்று போதித்தார். சாஸ்திரியார் காலத்தில் ஒன்றாக உட்காரவே தயங்கிய சபைக்கு, 'ஒரே உலை' என்ற சொல் எப்படிச் சுட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன், அவருடைய பாடல்களை ஆராய்ந்து 2014ல் ஒரு முழு நூலே வெளியிட்டார்.

ஆக, இது இறக்குமதிச் சரக்கு இல்லை. கப்பலில் கிட்டார் வந்திருக்கலாம். கிண்டல் இங்கேயே விளைந்தது.

வேதம் என்ன சொல்கிறது?

'பக்தி கெட்டுவிடும்' என்ற முதல் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். கொசுவை வடிகட்டிவிட்டு ஒட்டகத்தை விழுங்குகிறவர்கள் என்று இயேசு சொன்னது யாரை? அந்நியரையா? தன் சமயத்து ஆசாரியர்களைத்தான். தன் கண்ணில் உத்திரத்தை வைத்துக்கொண்டு அடுத்தவன் கண்ணில் துரும்பை எடுக்கப் போகிறவனை நினைத்தால் சிரிப்பு வராதா? அந்தச் சிரிப்பு வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னார்.

பழைய ஏற்பாட்டில் இரண்டு வகைக் கேலி இருக்கிறது. எலியா தீர்க்கதரிசி வேற்றுத் தெய்வத்தின் பூசாரிகளைக் கேலி செய்தார். ஆமோஸ் தீர்க்கதரிசியோ சொந்த மக்களைச் சாடினார். நியாயம் செய்யாத உங்கள் பாட்டின் இரைச்சல் எனக்கு வேண்டாம் என்று கடவுளே சொல்வதாகச் சொன்னார். நாம் வாழும் இடத்தில் எந்த வழி பொருந்தும்?

தேக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில். சற்று நடந்தால் டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல். கம்போங் கப்போரிலும் ஷார்ட் ஸ்திரீட்டிலும் மெதடிஸ்ட் ஆலயங்கள். ரேஸ் கோர்ஸ் சாலையில் புத்தர் கோயில். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிடலாம். இவ்வளவு நெருக்கமாக வாழும் இடத்தில் எலியாவைப்போல அடுத்தவர் சாமியைக் கேலி செய்யக் கிளம்பினால் என்ன ஆகும்? அதற்காகத்தான் 1990லேயே சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தை இயற்றினார்கள். 2019 மார்ச் மாதம் ஸ்வீடனைச் சேர்ந்த வட்டேய்ன் என்ற பிளாக் மெட்டல் குழு இங்கே பாடுவதாக இருந்தது. அது கிறிஸ்தவ சமயத்தைப் புண்படுத்தும் குழு என்ற எதிர்ப்புக் கிளம்பியதால், நிகழ்ச்சி நாளன்றே அனுமதி ரத்தானது.

வட்டேய்னையும் டெய்லரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஒருவர் வெளியிலிருந்து கல்லெறிகிறார். மற்றவர் உள்ளேயிருந்து விளக்குமாற்றை எடுக்கிறார். இரண்டிலும் தூசி பறக்கத்தான் செய்யும். ஆனால் ஒன்றில் சன்னல் உடைகிறது, மற்றதில் வீடு சுத்தமாகிறது.

மூன்று கேள்விகள்

இளையர்களுக்கு ஒரு வார்த்தை. கேலிப் பாட்டு எழுதுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் கேள்வி, இந்தப் பாட்டு யாரைச் சுடுகிறது? நம்மையா, அடுத்த சமயத்தவரையா? அடுத்தவரை என்றால் அங்கேயே கிழித்துப் போடுங்கள். இரண்டாவது, சுடப்படுகிறவர் நம்மைவிட வலியவரா, எளியவரா? ஆங்கிலம் திக்கித் திக்கிப் பேசும் பாட்டியையோ, ஊரிலிருந்து வந்த ஊழியரின் உச்சரிப்பையோ கிண்டல் செய்வதற்குப் பெயர் நையாண்டி அல்ல, ஏளனம். மூன்றாவது, அந்தக் கேலியில் நாமும் இருக்கிறோமா?

டெய்லர் திரும்பி வந்ததை முக்கியம் என்று சொன்னேனே, அதன் காரணம் இந்த மூன்றாவது கேள்விதான். வீட்டைத் திட்டிவிட்டு வெளியே போய்விடுகிறவனின் சொல் வேறு. திட்டிவிட்டு அதே வீட்டில் சாப்பிட வருகிறவனின் சொல் வேறு.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வஞ்சப் புகழ்ச்சிக்கு, உட்பொருள் புரிந்த அவை வேண்டும். டெய்லரின் காலத்தில் முழு இசைத்தட்டை வாங்கியவர்களே தவறாகப் புரிந்துகொண்டார்கள். இன்று கைப்பேசியில் பதினைந்து விநாடித் துண்டு மட்டும்தான் பரவும். முன்னும் பின்னும் வெட்டப்பட்டால், கேலி செய்தவனே அந்தக் கருத்தைச் சொன்னவனாகிவிடுவான். ஆகவே முதலில் பெரியவர்களிடம் பாடிக் காட்டுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்கள் பாடிக் காட்ட வந்தால் தாளைப் பிடுங்கி மடித்து வைத்துவிடாதீர்கள். இடித்துச் சொல்லும் துணை இல்லாத மன்னன், கெடுப்பார் இல்லாவிட்டாலும் கெடுவான் என்று வள்ளுவர் எச்சரித்திருக்கிறார். மன்னனுக்குச் சொன்னது சபைக்கும் பொருந்தும்.

யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. பொன் மோதிரம் அணிந்த ஒருவர் சபைக்குள் வருகிறார், அவருக்கு நல்ல இடம் தருகிறார்கள். அழுக்கு உடையோடு ஓர் ஏழை வருகிறார், அவரை அங்கே நில் என்கிறார்கள். இதைவிடக் கூர்மையான நையாண்டியை எந்த ராக் பாடகரும் எழுதியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்கு வரும் வெளிநாட்டு ஊழியர்களில் தமிழ்க் கிறிஸ்தவர்களும் உண்டு. அவர்கள் நம் ஆராதனைக்கு வந்தால் எங்கே உட்காருகிறார்கள்? கடைசி வரிசையிலா? அவர்களாகவே அங்கே போய் உட்காருகிறார்களா, நம் பார்வை அங்கே போய் உட்காரச் சொல்கிறதா? ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது அவர்களோடு பேசுகிறோமா, நமக்குள்ளேயே பேசிக்கொள்கிறோமா?

இதைப் பிரசங்கமாகச் சொன்னால் அடுத்தவருக்குச் சொன்னதாக நினைத்துத் தலையாட்டுவோம். ஓர் இளையர் கிட்டாரோடு எழுந்து, "எங்கள் சபையில் எல்லாரும் சமம், ஆனால் என் இருக்கையில் மட்டும் உட்காராதே" என்று துள்ளல் மெட்டில் பாடினால் முதலில் சிரிப்போம். சிரித்து முடித்ததும் கழுத்தைத் திருப்பிக் கடைசி வரிசையைப் பார்ப்போம். அந்த ஒரு நிமிடத்துக்காகவாவது பக்திப் பாட்டில் கேலிக்கு இடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.